குளிர் பட்டால் துடிக்கும் ஒற்றை விரல்

ஜூன், ஜூலை வந்தால் தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம்; பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குழாய்த் தண்ணீரில் அரிசி களைவதே பெரும்பாடு. நார்த்டேலில் இருக்கும் எங்கள் அத்தைக்கு அந்தத் தண்ணீர் பட்டதும் ஒரே ஒரு விரல் தோள்வரை சுண்டி இழுக்கும். வீக்கமோ சீழோ கிடையாது. நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்த்தார்கள். அப்புறம் வாதம் என்றார்கள், கடைசியில் மனக்கவலை என்றே சொல்லிவிட்டார்கள். அது குளோமஸ் கட்டி என்று தெரிய வருடங்கள் ஆயின. இந்தக் கட்டி வந்த பலருக்கும் இதே கதைதான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குளோமஸ் நம் எல்லோரிடமும் உள்ள நுண்ணுறுப்பு. விரல் நுனியில், நகத்தடியில் நிறைய உண்டு. வழக்கமாகத் தமனி ரத்தம் தந்துகிகள் என்ற நுண்குழாய்கள் வழியாகத்தான் சிரைக்குப் போகும். குளோமஸில் தமனியும் சிரையும் நேராக இணைகின்றன. அந்தக் குறுக்குவழியைச் சுற்றி உருமாறிய தசைச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவை சுருங்கினால் வழி அடைபடும், தளர்ந்தால் ரத்தம் பாயும். தோல் வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறலாம் என்பதை இப்படித்தான் உடல் சரிசெய்துகொள்கிறது.

இந்தச் செல்கள் அளவுமீறிப் பெருகினால் கட்டி. பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்; புற்றுநோயாவது மிக மிக அரிது. ஆனால் மேலே நகம், கீழே எலும்பு, நடுவே நரம்பிழைகள். விரிய இடமில்லாத அந்த இடுக்கில், குளிருக்குச் செல்கள் சுருங்கி அழுத்தம் ஏறுவதால் வலிக்கிறது என்று கருதுகிறார்கள்.

வலிக்கும் இத்தகைய சிறு முடிச்சுகளை அறுவை மருத்துவர் வில்லியம் வுட் 1812இலேயே விவரித்தார். அவை குளோமஸிலிருந்து பிறப்பவை என்று காட்டியவர் நோயியல் நிபுணர் பியேர் மாசோன், 1924இல். நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தது மாதிரி உருண்டைச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமான உட்கரு. மென்தசை ஆக்டின் என்ற தசைப் புரதத்துக்கான சாயம் ஏற்றினால் அவை பளிச்சென்று நிறம் காட்டும். தசை வம்சம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கண்டுபிடிக்கும் வழி எளிது. குண்டூசித் தலையால் நகத்தை அங்கங்கே அழுத்தினால் ஒரே புள்ளியில் உயிர் போகும், பக்கத்திலேயே ஒன்றும் இராது. ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் வலி அடங்கும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. டாக்டரிடம் போகும்போது அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டி, குளிரில் கூடுகிறது என்றும் சொல்லுங்கள்.

நகத்தை விலக்கிக் கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் வலி போய்விடும். துளி மிஞ்சினாலும் திரும்ப வரலாம். அதனால் அறுவைக்குப் பிறகும் மாதக்கணக்கில் வலித்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல விரல்களில் வந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்ற மரபணு நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.