சினைமுட்டை வெளிவருவதை உடல் எப்படிக் காட்டுகிறது?

மாதவிடாய் நின்று ஒரு வாரம் ஆகியிருக்கும். உள்ளாடையில் முட்டையின் வெள்ளைக்கரு போல நிறமில்லாமல், வழுவழுப்பாக ஏதோ படும். இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு அதுவாகவே நின்றும் போகும். இதை வெள்ளைப்படுதல் நோய் என்று நினைத்து மருந்து தேடுபவர்கள் பலர். நாற்றமும் அரிப்பும் எரிச்சலும் இல்லாதவரை இது நோயே அல்ல. சினைப்பையில் ஒரு முட்டை முற்றி வெளிவரத் தயாராகிறது என்பதற்கு, எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கக்கூடிய அறிகுறிகளில் மிகவும் நம்பத்தக்கது இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முட்டை வெளிவரும் அந்த நிமிடத்துக்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. நாம் உணர்பவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன்னால் ஏறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் வேலை, இல்லையென்றால் அதற்குப் பின்னால் ஏறும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் வேலை. எந்த அறிகுறி முட்டைக்கு முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். பின்னால் வரும் அறிகுறியைப் பார்த்து நாள் குறித்தால் அந்த மாதம் கைநழுவிப் போகும்.

உள்ளே நடப்பது இது. மாதவிடாயின் முதல் நாளையொட்டி, சினைப்பையில் ஃபாலிக்கிள் எனப்படும் சிறு நீர்ப்பைகள் பல சேர்ந்து வளரத் தொடங்குகின்றன. சில நாட்களில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்துகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வீதம் பெருத்து, 18 முதல் 24 மில்லிமீட்டர் வரை எட்டுகிறது. சினைப்பையே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம்தான். அதன்மேல் இது எவ்வளவு பெரிய புடைப்பு என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

பெருக்கும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ராடியோல் அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமைத் தாண்டி இரண்டு நாள்போல நிலைத்துவிட்டால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டுகிறது. இந்த ஏற்றம் தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். உச்சத்தைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணினால் 10 முதல் 12 மணி நேரம்.

முட்டை பட்டென்று வெடித்துப் பாயும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. பெல்ஜியம் நாட்டு மகளிர் நோய் மருத்துவர் ழாக் டோனே, கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒருவரின் சினைப்பையில் இது நடப்பதைத் தற்செயலாகப் படம்பிடித்தார். 2008இல் அந்தப் படங்கள் வெளியாயின. ஃபாலிக்கிளின் மேல் சிவந்த புடைப்பு எழுந்து, அதில் துளை விழுந்து, ஜெல்லி போன்ற செல் கூட்டத்தோடு முட்டை மெல்ல வழிந்து வெளிவர 15 நிமிடம் பிடித்தது.

வெளிவந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ தகுந்த திரவம் கிடைத்தால் 5 நாள் வரை உயிரோடிருக்கும். 1995இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், கருத்தரிக்கக்கூடிய நாட்கள் 6 என்று தெரியவந்தது: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். மறுநாள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

வழுவழுப்பு சொல்லும் செய்தி

அந்தத் திரவம் கருப்பை வாயில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. மாதவிடாய் முடிந்தவுடன் சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு பசைபோல ஒட்டும், விரலில் எடுத்தால் உடனே அறுந்துவிடும். அடுத்து வெண்மையாகக் கிரீம் போல மாறும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை நெருங்கும்போது தெளிந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரைகூட அறாமல் நீளும்.

அப்போது அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். திரவத்துக்கு உருவம் கொடுக்கும் மியூசின் என்ற புரத இழைகளின் வலை அகன்று, விந்தணு நீந்திச் செல்லப் பாதை விடுகிறது. யோனியின் அமிலத்திலிருந்து அதைக் காப்பதும் இதே திரவம். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், உப்புப் படிகங்கள் பெரணி இலை போலக் கிளை விரித்திருக்கும். முட்டை வெளிவந்து புரோஜெஸ்ட்ரோன் ஏறியதும் வலை மறுபடி இறுகிவிடும். ஓரிரு நாளிலேயே திரவம் கெட்டியாகி, கருப்பை வாயை அடைத்துக்கொள்ளும்.

கவனிக்கும் முறை எளிது. சிறுநீர் கழிப்பதற்கு முன் ஒரு டிஷ்யூத் தாளால் முன்னிருந்து பின்னாகத் துடைத்துப் பாருங்கள். தாள் வழுக்குகிறதா, உரசுகிறதா என்ற உணர்வைக் கவனிப்பது திரவத்தின் நிறத்தைப் பார்ப்பதைவிட உதவும். பகலில் பலமுறை பார்த்து, அன்று தெரிந்ததிலேயே அதிக வழுவழுப்பு எதுவோ அதை இரவில் குறித்துவைக்க வேண்டும். வழுவழுப்பின் கடைசி நாளே உச்ச நாள். பெரும்பாலும் அதையொட்டி, ஒரு நாள் முன்பின்னாக முட்டை வெளிவரும். அது கடைசி நாள்தான் என்பது மறுநாள் வறண்ட பிறகே தெரியும். எனவே கருத்தரிக்க விரும்புபவர்கள் உச்ச நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், வழுவழுப்பு தொடங்கியதுமே அது ஏற்ற காலம்.

ஏமாற்றுபவையும் உண்டு. உடலுறவுக்கு மறுநாள் வெளிப்படும் விந்துத் திரவமும், கிளர்ச்சியின்போது சுரக்கும் ஈரமும் வழுக்கும். ஆனால் அவை நீளமாக இழுபடாமல் சீக்கிரம் காய்ந்துவிடும். சளி, ஒவ்வாமைக்கான ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் இந்தத் திரவத்தையும் வறளச் செய்யக்கூடும். முட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரையும் சிலருக்கு அப்படிச் செய்யும். தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறமும் மீன் வாடையும் இருந்தால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவரிடம் போக வேண்டும். எந்த நிலையிலும் உட்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. அங்கு இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியாக்களை அது அழிப்பதால் தொற்று கூடுகிறது.

அதே நாட்களில் கருப்பை வாயும் மேலேறி, மென்மையாகி, சற்றே திறக்கும். மற்ற நாட்களில் அது மூக்கு நுனி போலவும், இந்த நாட்களில் உதடு போலவும் விரலுக்குப் படும். பழக்கமில்லாதவர்களுக்கு இந்த வேறுபாடு பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். பிடிபடவில்லை என்றாலும் இழப்பொன்றும் இல்லை, திரவமே போதும்.

ஒரு பக்க வலி

மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் இழுப்பது போலவோ, சுருக்கென்றோ வலிப்பதுண்டு. சிலருக்குச் சில நிமிடம், சிலருக்கு ஓரிரு நாள். ஜெர்மன் மொழியில் 'நடுவலி' என்று பொருள்படும் மிட்டல்ஷ்மெர்ஸ் என்ற சொல்லையே மருத்துவ உலகம் இதற்கு வைத்திருக்கிறது. அந்த மாதம் எந்தப் பக்கச் சினைப்பையில் முட்டை முற்றுகிறதோ அந்தப் பக்கம் வலிக்கும். இரண்டும் முறைவைத்து மாறி மாறி வேலை செய்யும் என்பது சரியல்ல, அடுத்தடுத்த மாதம் ஒரே பக்கமே வரலாம்.

வலிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சொல்லப்படுகின்றன. பெருத்த ஃபாலிக்கிள் சினைப்பையின் மேலுறையை இழுத்துப் பிடிக்கிறது. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஃபாலிக்கிளில் ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் நீர் இருக்கும். திறந்ததும் அந்த நீரும் சிறிது இரத்தமும் வயிற்றின் உட்சவ்வில் பட்டு உறுத்துகின்றன. ஃபாலிக்கிள் திறக்க உதவும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அருகிலுள்ள தசைகளைச் சுருக்குவதும் ஒரு காரணம். வலியையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தபோது, பலருக்கு முட்டை வெளிவருவதற்கு முன்பே வலி வந்திருந்தது. ஆகவே வலித்த நேரத்தையே முட்டை வெளிவந்த நேரமாகக் கொள்ள முடியாது.

வெந்நீர் ஒத்தடமும் பாராசிட்டமாலும் பொதுவாகப் போதும். கருத்தரிக்க முயல்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் போன்ற மாத்திரைகள் புரோஸ்டகிளாண்டினைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன. ஃபாலிக்கிள் திறக்கவும் அதே பொருள்தான் வேண்டும். இந்த நாட்களில் அவற்றைத் தொடர்ந்து எடுத்தால் முட்டை வெளிவராமலே போகக்கூடும்.

எல்லா வலியும் இந்த வலி அல்ல. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது கீழ்ப்பக்கம் இறங்கி, பசியற்றுப்போய், காய்ச்சலும் சேர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். திடீரென்று தாங்க முடியாமல் வலித்து வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் ஒரு பக்கம் வலித்து, தலைசுற்றி மயக்கம் வந்தால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். இம்மூன்றிலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீர் ஸ்ட்ரிப்

கடைகளில் கிடைக்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப், சிறுநீரில் எல்.எச். ஏறுவதைக் காட்டுகிறது. இதுவும் முன்னால் வரும் அறிகுறிதான். உங்கள் மிகக் குறுகிய சுழற்சியின் நாட்களிலிருந்து 17ஐக் கழித்தால் சோதிக்கத் தொடங்கும் நாள் கிடைக்கும். 28 நாள் என்றால், மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி 11ஆம் நாள். கருத்தரிப்புச் சோதனை போல விடியற்காலைச் சிறுநீரை எடுப்பதே பலரும் செய்யும் தவறு. இரத்தத்தில் எல்.எச். பெரும்பாலும் அதிகாலையில்தான் ஏறுகிறது, சிறுநீருக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். நண்பகலுக்கும் மாலைக்கும் இடையில், இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல், நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதிப்பது நல்லது. மங்கலான கோட்டுக்கு இங்கே பொருளில்லை, ஏனென்றால் எல்.எச். எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். சோதனைக் கோடு பக்கத்தில் உள்ள ஒப்பீட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால்தான் கணக்கு.

காலை வெப்பநிலை

முட்டை வெளிவந்த இடத்தில் ஃபாலிக்கிள் மிச்சம் மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. அது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சற்று உயர்த்தி வைப்பதால், உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி அடுத்த மாதவிடாய் வரை அங்கேயே நிற்கும். இது முற்றிலும் பின்னால் வரும் அறிகுறி. முட்டை வெளிவந்துவிட்டது என்று உறுதிசெய்ய உதவும், நாள் குறிக்க உதவாது.

இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க, தசமத்தில் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் தொடர்ந்து உறங்கி விழித்தவுடன், எழுந்து உட்காருவதற்கு முன், பேசுவதற்கு முன், நாக்கின் அடியில் வைத்து வாயை மூடி எடுங்கள். தொடர்ந்து மூன்று நாள், அதற்கு முந்திய ஆறு நாட்களில் எதைவிடவும் வெப்பம் கூடுதலாக இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று கொள்ளலாம். காய்ச்சல், மது, இரவுப் பணி, தாமதமாக எழுவது, குழந்தை அழுது பலமுறை எழுந்த இரவு ஆகிய எல்லாமே இந்த எண்ணைக் கெடுக்கும். அந்த நாளுக்கு ஒரு குறி போட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். ஏறிய வெப்பம் 18 நாளுக்கு மேல் இறங்காமல் நின்றால் கருத்தரிப்புச் சோதனை செய்து பார்க்க வேண்டும்.

மார்பகம் கனத்து வலிப்பது, வயிறு உப்புவது, பாலுணர்வு கூடுவது, ஒரு துளி இரத்தம் படுவது ஆகியவையும் சிலருக்கு உண்டு. இவை ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறுவதால் இவற்றைத் தனியே நம்ப முடியாது.

அறிகுறிகள் பொய்க்கும் இடங்கள்

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி மறுபடி ஏறும். வழுவழுப்பும் விட்டு விட்டு வரும், ஆனால் முட்டை வெளிவந்திருக்காது. எல்.எச். இயல்பாகவே உயர்ந்திருப்பதால் ஸ்ட்ரிப்பும் பல நாள் பாசிட்டிவ் காட்டலாம். பாலூட்டும் காலத்திலும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் இதே குழப்பம் வரும். ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரைகள் பெரும்பாலும் முட்டை வெளிவருவதையே தடுப்பவை என்பதால், அவற்றை எடுக்கும்போது இந்த அறிகுறிகளைத் தேடிப் பயனில்லை.

நாட்காட்டியும் பலரை ஏமாற்றுகிறது. 14ஆம் நாள் என்று எல்லாரும் சொல்வது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும். முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை உள்ள காலம்தான் பெரும்பாலும் 12 முதல் 14 நாள் என்று ஓரளவு நிலையானது, முன்பாதி நீளும், குறுகும். 35 நாள் சுழற்சி என்றால் முட்டை ஏறக்குறைய 21ஆம் நாளில் வரும்.

முட்டை வெளிவந்ததை உறுதிசெய்யும் புரோஜெஸ்ட்ரோன் இரத்தப் பரிசோதனையில் இது நேரடியாக உதைக்கிறது. '21ஆம் நாள் பரிசோதனை' என்று பெயர் இருந்தாலும், உண்மையில் அது முட்டை வெளிவந்து 7 நாள் கழித்து எடுக்க வேண்டியது. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது. 35 நாள் சுழற்சியுள்ளவர் 21ஆம் நாளிலேயே இரத்தம் கொடுத்தால் அளவு குறைவாக வரும், முட்டை வரவில்லை என்று தவறாக எழுதப்படும். அவருக்குச் சரியான நாள் 28. வழுவழுப்பின் கடைசி நாளும் வெப்பம் ஏறிய நாளும் குறித்த இரண்டு மூன்று மாதத் தாளைக் கையோடு கொண்டுபோனால், எந்த நாளில் இரத்தம் எடுப்பது என்பதை மருத்துவர் அதிலிருந்தே சொல்லிவிடுவார்.