கைமேரா: விரவுடலி

கிரேக்கத்தில் 'கிமைரா' என்றால் பெண்ணாடு. முன்புறம் சிங்கம், நடுவில் ஆடு, பின்புறம் பாம்பு எனத் தீ கக்கித் திரிந்த புராண விலங்குக்கும் அதே பெயர். அறிவியலுக்கு இச்சொல் வந்தது தோட்டத்து வழியாக. 1907இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டினார். முளைத்த தளிர் ஒன்றில் ஒரு பக்கம் இதுவும் மறுபக்கம் அதுவுமாக இருக்கக் கண்டு, 'கைமேரா' என்றார்.

இதைக் 'கலப்பினம்' என்று எழுதுவது பிழை. கோவேறு கழுதைதான் கலப்பினம். அதன் ஒவ்வொரு செல்லிலும் குதிரையும் கழுதையும் கலந்திருக்கும். கைமேராவிலோ இருவேறு உயிரிகளின் செல்கள் அருகருகே இருக்கும்; ஒவ்வொரு செல்லும் தன் மூலத்தை இழக்காது. உடல் மட்டும் ஒன்று.

இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: விரவு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் என்கிறது தொல்காப்பிய மரபு. 'சாத்தன் வந்தான்' என்றால் மனிதன். 'சாத்தன் வந்தது' என்றால் எருது. மனிதச் செல்லும் விலங்குச் செல்லும் சேர்ந்து வளரும் கருவுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. உயிரியை விரவுடலி என்றும் கருவை விரவுக்கரு என்றும் சொல்லலாம்.

இந்தக் கரு மனிதனா விலங்கா என்ற திணைக் குழப்பம்தான் சட்டத்தின் குழப்பமும். கணையம் உருவாகாதபடி மரபணு மாற்றிய பன்றிக்கருவில் மனிதக் குருத்தணுக்களை (பல்வேறு உறுப்புகளின் செல்லாக வளரவல்ல மூலச் செல்களை) செலுத்தினால், அந்த வெற்றிடத்தில் மனிதக் கணையம் வளரக்கூடும் என்பது எதிர்பார்ப்பு. சுண்டெலியின் உடலில் எலியின் கணையத்தை 2010இலேயே வளர்த்துக்காட்டியது ஜப்பானின் ஹிரோமிட்சு நகாவுச்சி குழு. மனிதச் செல்கள் பன்றியில் எளிதில் ஒட்டுவதில்லை: 2017இல் வெளியான ஆய்வில், பன்றிக்கருவில் லட்சம் செல்லுக்கு ஒன்றுகூட மனிதச் செல் தேறவில்லை.

அச்சம் கணையத்தைப் பற்றியது அன்று. அந்த மனிதச் செல்கள் விலங்கின் மூளைக்கோ, விந்தணு, கருமுட்டைக்கோ போய்விட்டால்? அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2015இல் இவ்வகை ஆய்வுகளுக்கு நிதி தருவதை நிறுத்திவைத்தது. ஜப்பானில் இத்தகைய கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கவும் கருப்பையில் வைக்கவும் தடை இருந்தது. 2019 மார்ச்சில் அதை நீக்கி, ஒவ்வோர் ஆய்வையும் தனித்தனியே பரிசீலித்து அனுமதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தமிழில் அந்த விதிகளை எழுதுவோர் 'மனித–விலங்கு விரவுக்கரு' என எழுதலாம்.