மொன்னைக் கத்திதான் கையை வெட்டும்

மாம்பழ சீசன் வந்துவிட்டால் என் ஓ.பி.யில் கையில் கர்ச்சீப் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கூடிவிடுவார்கள். நான் சேலத்தில் கை அறுவை சிகிச்சை செய்கிறவன். தறியில் மாட்டிய கை, பைக்கிலிருந்து விழுந்த கை எல்லாம் வருஷம் முழுக்க வருகிறது, அதற்கெல்லாம் யாரையும் திட்ட மனசு வராது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சின்ன மடக்குக் கத்தியால் வருகிற காயத்தைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் அது கடையில் கத்தியைக் கையில் எடுத்தபோதே தவிர்த்திருக்கக்கூடிய காயம்.

போன வாரம் வந்தவர் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற இளைஞர். ஏற்காடு போன இடத்தில் பார்க்க மிரட்டலாக இருந்த ஒரு மடக்குக் கத்தியை வாங்கி, அங்கேயே ஒரு பட்டர் ஃப்ரூட்டையும் வாங்கி, கொட்டையில் முனையைக் குத்தி நெம்பியிருக்கிறார். கத்தி மடங்கி, பிடித்திருந்த வலது கையின் ஆள்காட்டி விரல்மேலேயே மூடிக்கொண்டது. "சின்ன வெட்டுதானுங்க டாக்டர்" என்றார், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முதலில் காட்டிய இடத்தில் மேல்தோலை மூன்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள், தையல் பிரித்துக் காயமும் ஆறிவிட்டது, விரல் மட்டும் ஏனோ சரியில்லை என்று மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்திருக்கிறார்.

கையை மூடச் சொன்னேன். மற்ற விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன, ஆள்காட்டி விரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நடு எலும்பை நான் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னேன், அசைவே இல்லை. பஞ்சால் விரலின் ஓரத்தைத் தடவினால் ஒரு பக்கம் தெரிகிறது, இன்னொரு பக்கம் மரத்துக் கிடக்கிறது. விரலை மடக்கும் தசைநாண், அதாவது தசையையும் எலும்பையும் இணைக்கிற கயிறு, இரண்டும் போச்சு, ஒரு பக்க உணர்ச்சி நரம்பும் போச்சு. வெட்டின ஒரு வாரத்துக்குள் வந்திருந்தால் நேராக முனையோடு முனை சேர்த்துத் தைத்திருக்கலாம். இப்போது அறுந்த நாண் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சுருங்கிவிட்டது, முன்கையிலிருந்து வேறொரு நாண் எடுத்துப் போட வேண்டும், அதையும் ஒரே ஆபரேஷனில் முடிக்க முடியுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கொலுசில் சலங்கை கோர்க்கிற ஒருவருக்கு ஆள்காட்டி விரல் நுனி என்றால் என்ன என்பது சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கத்தியைக் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று எல்லாரிடமும் கேட்பேன், அது என் பழக்கம். இவர் பையிலேயே வைத்திருந்தார். பிடி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், அலகின் பாதியில் பல் பல்லாக வெட்டு, பின்னால் ஒரு கொக்கி, கார் கண்ணாடி உடைக்க ஒரு கூம்பு. அலகு மடங்காமல் தாங்கி நிற்க வேண்டிய உள் தகடோ விரலால் அழுத்தினாலே வளைகிறது. அலகின் முதுகை மேஜை விளிம்பில் லேசாகத் தட்டினேன், சரக்கென்று மூடிக்கொண்டது. தாளில் வைத்து இழுத்துப் பார்த்தேன், தாள் கசங்கியதே தவிர அறுபடவில்லை. அதைச் சொன்னதும் அவர், "ஆமாங்க, கூரே இல்லை, அதனாலதான் பயமில்லாம பையில வெச்சிருந்தேன்" என்றார்.

இந்தக் கட்டுரை இந்த ஒரு வரிக்காகத்தான். கூர் இல்லாத கத்தி பாதுகாப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, படித்தவர், படிக்காதவர், எஸ்டேட் முதலாளி, கூலிக்காரர் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். பிள்ளைக்கு வாங்கித் தருகிற அப்பா "மொன்னையா பார்த்துக் குடுங்க" என்று கடையில் கேட்டதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். கத்தி அறுப்பது இரண்டால்: ஒன்று வாய், அதாவது அலகின் வெட்டுகிற ஓரம், இன்னொன்று உங்கள் அழுத்தம். வாய் தன் வேலையைச் செய்யாவிட்டால் மிச்சத்தை அழுத்தம் செய்ய வேண்டும். கூரான கத்தி மாந்தோலில் வைத்ததும் இறங்கும், நீங்கள் நிறுத்த நினைக்கும் இடத்தில் நிற்கும். மொன்னைக் கத்தி முதலில் வழுக்கும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், இன்னும் வழுக்கும், தோள் வரைக்கும் பலத்தைக் கொடுத்த பிறகு திடீரென்று தோல் பிளக்கும். அந்த நொடியில் உங்கள் மொத்த பலமும் கத்திக்குப் பின்னால் இருக்கிறது, முன்னால் உங்கள் இடது கை இருக்கிறது. பழத்தோல் எதிர்த்த அளவுக்கு உங்கள் தோல் எதிர்க்காது. மொன்னைக் கத்தி விரலை வெட்டாது என்று நினைப்பவர்கள், அழுத்திப் பிடித்த வேகத்தில் அது எலும்பு வரைக்கும் போனதை என் மேஜையில் வந்து பார்க்கலாம். கூரான கத்தி வெட்டின காயத்துக்கு ஓரமாவது சுத்தமாக இருக்கும், தைக்க எனக்கும் சுலபம். மொன்னை கிழித்த காயத்தில் ஓரமெல்லாம் நைந்து போயிருக்கும், ஆறுவதும் தாமதம்.

நாங்கள் ஆபரேஷனில் என்ன செய்கிறோம் தெரியுமா? கைக்குப் பெரும்பாலும் 15-ஆம் நம்பர் பிளேடு. கொஞ்சம் வாய் மங்கினதாகப் பட்டாலே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு கேட்போம், ஒரே கேஸில் இரண்டு மூன்று மாற்றுவதும் உண்டு. அழுத்த ஆரம்பித்தால் கத்தி எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

சரி, வாங்குவதற்கு வருவோம். பேனாக்கத்தி வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், என் பையிலும் ஒன்று இருக்கிறது. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, ஆரஞ்சு உரிக்க, மிளகுக்கொடி கட்டின சணலை வெட்ட என்று தினமும் வேலை இருக்கிறது. அதற்கெல்லாம் 6, 7 சென்டிமீட்டர் அலகு தாராளம். மூடினால் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்க வேண்டும், பெரிய கத்தி வேண்டிய வேலைக்குப் பெரிய கத்தி சமையலறையில் இருக்கிறது. கொக்கி, கூம்பு, பட்டனைத் தட்டினால் பாய்கிற அலகு இதெல்லாம் வேண்டாம். படத்தில் வில்லன் எடுக்கிற மாதிரி இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய மாதிரி மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது, பிடியின் முதுகில் ஒரு வில் இருக்கும், அதுதான் அலகைத் திறந்தபடியும் மூடியபடியும் பிடித்து வைக்கும். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்சனர் 1897-இல் பதிவு செய்த ராணுவ அதிகாரிக் கத்தி இந்த வகைதான், இன்று நாம் பார்க்கும் சிவப்புப் பிடி விக்டோரினாக்ஸ் சின்னக் கத்திகள் அதன் வாரிசுகள். வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நகத்தால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். திறப்பதற்குக் கொஞ்சம் எதிர்க்க வேண்டும், திறந்ததும் டக்கென்று உட்கார வேண்டும். மூடும்போது பாதி வழியில், அதாவது அலகு செங்குத்தாக இருக்கும்போது, ஒரு முறை நின்று மூடுகிற கத்திகள் உண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள், அந்த ஒரு நிறுத்தத்தில் விரலை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு வெளியே வருகிறதா, வேண்டாம். அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா, வேண்டாம்.

பூட்டு இருந்தால் நல்லது என்பவர்களுக்கு: பூட்டு நன்றாக இருந்தால் நல்லது, மோசமான பூட்டு, பூட்டே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அதை நம்பி நீங்கள் நெம்புவீர்கள். பிரான்ஸின் சவ்வா மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955-இல் ஒரு வளையம் சேர்த்தார்கள், திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அதன் 8-ஆம் நம்பருக்கு அலகு 8.5 சென்டிமீட்டர், நம் வேலைக்கு அதைவிடச் சின்ன நம்பரே போதும். ஆனால் திறந்ததும் வளையத்தைத் திருக வேண்டும். திருகாமல் வெட்டிவிட்டு வந்து பூட்டு சரியில்லை என்று என்னிடம் சொல்லக் கூடாது.

முனை பற்றிக் கடைகளில் யாரும் கேட்பதே இல்லை. ஊசி முனை குத்தத்தான் ஆகும். முதுகு வளைந்து இறங்கி, வாய் நேராக, முனை மழுங்கலாக இருக்கும் அலகு பார்சலுக்கும் கயிற்றுக்கும் இன்னும் வசதி. வீட்டில் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள்.

அப்புறம் "சேலம் ஸ்டீலுங்க, துருவே பிடிக்காது" என்று விற்கிற கதை. நம் ஊர் ஆலைமேல் எனக்கும் பெருமைதான், ஆனால் ஸ்டெயின்லெஸ் என்பது ஒரே உலோகம் இல்லை. பாத்திரத்துக்குப் போகிற 304 ரகத்தைக் காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது, அதில் கத்தி செய்தால் இரண்டு நாளில் வாய் மடங்கிவிடும். என் மேஜையிலேயே உதாரணம் இருக்கிறது: உடைந்த எலும்பில் வைக்கும் தகடு 316எல் ரகம், அறுக்கிற கத்தரி 420 ரகம், இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. கத்திக்கென்று கெட்டிப்படுத்திய எஃகா என்று கேளுங்கள். கார்பன் எஃகு சுலபமாகக் கூர் ஏறும், ஆனால் மாங்காய்ச் சாறு பட்டால் கறுக்கும், ஏற்காட்டு மூடுபனியில் துடைக்காமல் வைத்தால் துரு கட்டும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவும் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ் எடுத்துவிடுங்கள்.

வாங்கினால் போதாது, கூர் வைத்திருக்க வேண்டும். தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் இந்தச் சின்ன அலகைக் கொடுத்தால் கல் சுற்றுகிற சூட்டில் ஓரம் நீலம் பாய்ந்துவிடலாம், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அருவாளுக்கு அவர் சரி. பேனாக்கத்திக்கு ஒரு சின்ன சாணைக்கல் வாங்கி, தண்ணீர் தெளித்து, அலகைக் கல்லோடு ஒட்டினாற்போல் 15, 20 டிகிரி சாய்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு தேயுங்கள். செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டினால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். விரலில் தடவிக் கூர் பார்க்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழத்தை உள்ளங்கையில் வைத்து வெட்டாதீர்கள், ஒரு தட்டோ பலகையோ போதும். பட்டர் ஃப்ரூட் கொட்டைக்கு ஸ்பூன் இருக்கிறது. முனையால் டின் மூடி நெம்பாதீர்கள், ஸ்க்ரூ கழற்றாதீர்கள். திறந்த கத்தியை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள், மூடிக் கொடுங்கள். மூடும்போது விரல்கள் பள்ளத்தின்மேல் இல்லாமல் பார்த்து, இன்னொரு உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளி மூடுங்கள். கத்தி கை நழுவினால் விழட்டும், பாய்ந்து பிடிக்காதீர்கள். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் ஆடிக்கொண்டே ஆரஞ்சு உரிக்கிற குடும்பங்களைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கிறது, மேலே போய்ச் சாப்பிடலாமே.

போலீஸ் பிடிக்குமா என்று கேட்பார்கள். 2016 ஆயுத விதிகள் பேசுவது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றி, அதிலும் வீடு, விவசாயம், தொழிலுக்கானவை சேராது. ஆனாலும் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் எடுத்துப் போகாதீர்கள், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டிக்கொண்டால்: குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். விரல் அடியில் ரப்பர் பேண்டோ கயிறோ இறுக்கிக் கட்டாதீர்கள். காபித்தூள் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், சூப்பர் க்ளூ கட்டாயம் வேண்டாம், அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் நான் காயத்தையே பார்க்க முடிகிறது. மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். விரல் நுனி மடங்கவில்லை, நீட்ட முடியவில்லை, ஒரு பக்கம் மரத்திருக்கிறது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தையல் போட்டதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அன்றைக்கோ மறுநாளோ கை மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்துக்கொண்டே வாருங்கள். கத்தியையும் எடுத்து வாருங்கள், மூடி, துணியில் சுற்றி. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். மயக்கம் கொடுக்க ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், பன்னுக்காக நீங்களும் காத்திருக்க வேண்டும், நானும் காத்திருக்க வேண்டும்.