பெரிய வட்டிலும் பழைய எல்லைக்கல்

"256 ஜிபி எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு 1 டெராபைட் எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். பழையதை அப்படியே குளோன் (நகல்) செய்தபின் கணினி நன்றாகவே இயங்குகிறது. சி டிரைவ் மட்டும் ஏன் பழைய அளவிலேயே இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புதிய வட்டில் பழுது ஏதும் இல்லை. பழைய வட்டின் கணக்கு, ஓர் எண்கூட மாறாமல், புதிய வட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் கணினி துவங்காது என்பது பலருக்கும் தெரிந்ததே. மின்சாரம் வந்ததும் மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள், வட்டில் தனக்கென ஒதுக்கப்பட்ட சிறிய பார்ட்டிஷனை (தனிப் பிரிவை) தேடி, அங்குள்ள பூட் லோடர் என்ற துவக்க நிரலை எழுப்பி, அதன் வழியாகவே இயங்குதளத்தை அடைகிறது. அதனால்தான், செக்டர் எனப்படும் சிறு சேமிப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்து, முழு வட்டையும் குளோன் செய்கிறோம்.

அந்தப் பார்ட்டிஷன்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைச் சொல்லும் அட்டவணைக்கு ஜிபிடி என்று பெயர். இதற்கு முந்தைய எம்பிஆர் முறை செக்டர் எண்ணை 32 பிட்டில் எழுதியதால், 512 பைட் செக்டர்களைக் கொண்ட வட்டில் 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எட்ட முடியவில்லை. ஜிபிடியோ 64 பிட்டில் எழுதுகிறது. ஆனால் என்னை எப்போதும் வியக்க வைப்பது அதன் கொள்ளளவு அன்று, அதன் முன்னெச்சரிக்கை. வட்டின் 0ஆம் செக்டரை அடுத்த 1ஆம் செக்டரில் ஜிபிடியின் தலைப்பு (ஹெடர் என்னும் முகப்புக் குறிப்பு) இருக்கிறது; அதன் மாற்றுப்பிரதி வட்டின் ஆகக் கடைசிச் செக்டரில் இருக்கிறது. தொடக்கப் பகுதி சிதைந்தால் மறுகோடியில் உள்ளதைக் கொண்டு மீட்கலாம் என்பதற்காக, இரண்டையும் இயன்றவரை விலக்கி வைத்திருக்கிறார்கள்.

வாசகரின் சிக்கல் இங்குதான் பிறக்கிறது. 256 ஜிபி வட்டில் வழக்கமாக 50,01,18,192 செக்டர்கள் இருக்கும். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் மாற்றுப்பிரதி 50,01,18,191ஆம் செக்டரில் அமர்ந்திருக்கும். முதல் தலைப்பில் 32ஆம் பைட்டிலிருந்து எட்டு பைட்டுகளில் இந்த எண்ணும், 48ஆம் பைட்டிலிருந்து எட்டு பைட்டுகளில், பயன்படுத்தத்தக்க கடைசிச் செக்டரின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். 1 டெராபைட் வட்டின் கடைசிச் செக்டர் 1,95,35,25,167 ஆக இருந்தும், குளோனில் அந்த எண்கள் மாறாததால், மாற்றுப்பிரதி வட்டின் முதல் கால்பகுதி முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் நிற்கிறது. நிலம் நான்கு மடங்கு விரிந்தபின்னும் எல்லைக்கல் நட்ட இடத்திலேயே இருக்கிறது.

கல்லைப் பெயர்த்து நடுவதும் வெறும் எண் மாற்றம் அன்று. தலைப்பில் உள்ள எண்களைக் கொண்டு கணக்கிட்ட சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணும் அதே தலைப்பில் இருப்பதால், ஒரு பிட் மாறினாலும் அதைத் திரும்பக் கணக்கிட வேண்டும். சில குளோன் மென்பொருள்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. லினக்ஸின் பார்ட்டட் கருவியோ பிழையைக் கண்டதும், வட்டு முழுவதையும் பயன்படுத்தும்படி திருத்தவா என்று கேட்கும்.

அதன்பின் சி டிரைவை நீட்ட வேண்டும். விண்டோஸில் அதற்கு அடுத்தாற்போல் மீட்புப் பார்ட்டிஷன் ஒன்று பெரும்பாலும் குறுக்கே நிற்கும். ஒரு பார்ட்டிஷன் தன்னை ஒட்டியுள்ள வெற்றிடத்துக்குள் மட்டுமே வளர முடியும் என்பதால், முதலில் மீட்புப் பார்ட்டிஷனை வட்டின் கடைசிக்கு நகர்த்த வேண்டும். பார்ட்டிஷன் வளர்ந்தாலும் போதாது, அதனுள் இருக்கும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு தன் அளவைத் தனியே குறித்து வைத்திருப்பதால் அதையும் வளர்க்க வேண்டும். தன் முதல் செக்டரின் பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசிச் செக்டரில் வைத்துக்கொள்ளும் அதே முன்னெச்சரிக்கை என்டிஎஃப்எஸ்ஸிலும் உண்டு!

இப்படி எண்ணி அறியக்கூடிய காரணம் இருக்கையில், எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் போட்டால் சரியாகும்" என்று சொல்வதை நான் மூடநம்பிக்கையாகவே கருதுகிறேன். பள்ளிகளில் கணினிப் பாடம் மென்பொருளின் பொத்தான்களோடு நின்றுவிடாமல், வட்டின் முதல் சில செக்டர்களை மாணவர்கள் கண்ணால் பார்க்கவும் இடம் தர வேண்டும்.

இந்த வேலையில் இறங்கும் முன், முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் சேமித்துக்கொள்ளுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியையும் குறித்துக்கொள்ளுங்கள். குளோன் செய்த வட்டின் 128 பிட் அடையாள எண்ணும் பழையதன் எண்ணேயாகும். இரண்டும் ஒருசேர இணைந்திருந்தால் எதிலிருந்து துவங்குவது என்பதில் கணினி குழம்பக்கூடும். ஆகவே புதிய வட்டிலிருந்து முதன்முறை துவக்கும்போது பழையதைக் கழற்றி வைத்துவிடுங்கள். சில நாள் எல்லாம் ஒழுங்காக இயங்குவதைப் பார்க்கும்வரை அதை அழிக்கவும் வேண்டாம்.