ஈஸ்தெட்டிக்: வடிவாப் பார்த்தால் என்ன பொருள்?

போன வாரம் அக்காவின் மகள் உப்புவெளியிலிருந்து வந்திருந்தாள். அம்மா இழைத்து வைத்திருந்த பனையோலைப் பெட்டியைத் திண்ணை வெயிலில் வைத்து நாலைந்து கோணத்தில் படம் எடுத்தாள். கீழே 'ஈஸ்தெட்டிக்' என்று ஒற்றைச் சொல் போட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"அதென்ன பிள்ளை?"

"வடிவா இருக்கு எண்டு அர்த்தம், அம்மம்மா."

"வடிவாப் பார். மூண்டாம் சுத்தில சிவப்போலை பிசகிக் கிடக்கு."

பிசகித்தான் கிடந்தது. படம் எடுத்தவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியவில்லை.

'ஈஸ்தெட்டிக்' (aesthetic) என்ற இந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். அங்கே 'ஐஸ்தேசிஸ்' என்றால் புலனால் உணர்தல், அவ்வளவுதான். அழகு என்ற பேச்சே அதில் கிடையாது. இங்கே திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்றில் வாளி விட்டு வார்த்துவிட்டு அடுத்ததில் வார்த்தால், மூளை யோசிக்கும் முன்னே தோல் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். அது ஐஸ்தேசிஸ். மீன் வாடையும் உப்புக் கரிப்பும்கூட அதுதான். "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று குறள் அடுக்குகிறதே, அந்த ஐந்தும் இதற்குள் அடக்கம். சத்திரசிகிச்சைக்கு முன் கொடுக்கும் 'அனஸ்தீசியா'வும் இதே வேரில் வந்ததே. முன்னால் ஒரு மறுப்பு ஒட்டிக்கொண்டதால் உணர்வு போய்விடுகிறது.

அப்புறம் எப்படி அழகு வந்து சேர்ந்தது? ஜெர்மன் மெய்யியலாளர் பாம்கார்டன் 1735இல் கவிதை பற்றிய தன் ஆய்வில் இந்தச் சொல்லை ஒரு துறைக்குப் பெயராக வைத்தார். 1750இல் அதே பெயரில் லத்தீனில் நூலே எழுதினார். தருக்கம் அறிவை ஆராய்கிற மாதிரி, புலன்வழி வரும் அறிவையும் ஆராய ஓர் இயல் வேண்டும் என்பது அவர் கட்சி. பின்னால் வந்தவர்கள், குறிப்பாக ஹெகல், அதைக் கலையின் அழகு என்று சுருக்கிவிட்டார்கள். இப்போது கைபேசிக்காரர்கள் இன்னும் சுருக்கி, வெளிர் நிறச் சுவரும் ஒரு கோப்பைக் கோப்பியும் என்று ஆக்கிவிட்டார்கள்.

தமிழில் 'அழகியல்' நிலைத்துவிட்டது. இலங்கைப் பள்ளிக்கூடத்தில் சித்திரம், சங்கீதம், நடனம் எல்லாம் அழகியல் பாடங்கள். திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்தர் பெயரில் மட்டக்களப்பில் இயங்குவதும் அழகியற் கற்கைகள் நிறுவகம்தான். 'முருகியல்' என்றும் எழுதுவார்கள். முருகு என்றால் அழகு, இளமை, மணம் எல்லாம் வரும். மணம் வருவதால் கிரேக்கத்துக்குக் கொஞ்சம் கிட்ட என்று எனக்கு அதில் ஒரு சாய்வு உண்டு. ஆனாலும் முருகன் கோயில் சமாசாரம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நானும் அழகியல் என்றே எழுதுகிறேன்.

சரி, துறைக்குப் பெயர் கிடைத்தது. பெட்டியைப் பார்த்து "அழகியலா இருக்கு" என்று யாராவது சொல்வார்களா? இயல் என்பது படிப்பு; பெட்டி படிப்பு அல்ல. அங்கே நம்மிடம் இருக்கும் சொல் வடிவு. முதலில் உருவம், அதிலிருந்து அழகு. திருவொற்றியூரில் அம்மன் பெயரே வடிவுடையம்மன். ஈழத்துப் பேச்சில் அது இன்னும் ஒரு படி போய், 'நன்றாக, கவனமாக' என்றும் ஆகிவிட்டது. வடிவாக் கேள், வடிவாச் சாப்பிடு, வடிவாப் பார்த்து வாங்கு. அம்மா சொன்ன 'வடிவா'வும் அக்காவின் மகள் சொன்ன 'வடிவா'வும் ஒரே சொல். ஒன்று பொருளின் அழகு, மற்றது பார்க்கும் கண்ணின் கவனம். கிரேக்கச் சொல் தொலைத்த பாதி இங்கே தெருப்பேச்சில் கிடக்கிறது.

அனுபவத்துக்கு 'ரசனை' பரவலாக ஓடுகிறது. வடசொல் என்று தள்ளுபவர்கள் 'நயத்தல்' எடுத்துக்கொள்ளலாம். அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் திருகோணமலையில் சிவன் கோயில் இருக்கும் கோணேசர் மலைக்கே போகலாம். "குரைகட லோதம் நித்திலங் கொழிக்கும்" என்று சம்பந்தர் பாடினார். கடல் குரைப்பது காதுக்கு, அலை முத்துக் கொழிப்பது கண்ணுக்கு. இத்தனைக்கும் அவர் இங்கே வந்ததில்லை, இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்பது வழக்கு.

ஆக, கட்டுரையில் எழுதினால் அழகியல், அனுபவம் என்றால் நயத்தல், பெட்டிப் படத்துக்குக் கீழே வடிவு. ஒன்று மட்டும்: 'வடிவு' என்று ஒற்றைச் சொல் போட்டால், தமிழ்நாட்டில் பார்ப்பவர்கள் பெட்டி இழைத்த கிழவியின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.