மேக் மீது போடும் பழி

எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் மேக்ஃபைலைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். நிரலின் ஃபைல்களில் மாறியவற்றை மட்டும் மறுபடி கம்பைல் (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது) செய்ய வைக்கும் கருவி மேக் (make); அதற்கான விதிகளை எழுதிவைப்பது மேக்ஃபைலில். எனக்கு மேக் பிடிக்கும். வேறு வழியில்லாமல் வைத்திருக்கவில்லை, விரும்பித்தான் வைத்திருக்கிறேன்.

மேக்ஃபைலில் கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருந்தால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடும், கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. 1976-இல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், சில வாரங்களிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் அதை மாற்றாமல் விட்டார். எடிட்டரில் டேப் தெரியும்படி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

"மேக்கை நம்ப முடியாது, எதற்கும் ஒரு மேக் கிளீன் போட்டுவிடு" என்ற பேச்சைத்தான், அதாவது உருவான ஃபைல்களையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்பதைத்தான், என்னால் ஏற்க முடியவில்லை. நானும் பல மாதம் அப்படிச் செய்தவன்தான்.

ஒருமுறை ஒரு சி நிரலின் கான்ஃபிக் ஹெடரில் (பல ஃபைல்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஃபைல்), மதிப்புகளை வரிசையாக அடுக்கிவைக்கும் ஸ்ட்ரக்டுக்குள், டைம்அவுட்டுக்கு (எத்தனை நொடி காத்திருப்பது) மேலே ரீட்ரை (மறுமுயற்சி) எண்ணிக்கை என்று ஓர் இன்ட் (முழு எண்) சேர்த்தேன். டைம்அவுட் 30, ரீட்ரை 3. ஓட்டிப் பார்த்தால் இணைப்பு மூன்றே நொடியில் அறுந்தது. மெயின் ஃபைலில் அச்சிட்டால் 30, நெட்வொர்க் ஃபைலில் அச்சிட்டால் அதுவும் 30! அச்சிடும் வரியை எடுத்துவிட்டு, பழைய கோடை கிட்டிலிருந்து (பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கருவி) முழுதாக எடுத்து பில்ட் செய்துவிட்டு, மாற்றத்தை மறுபடி போட்டால் திரும்பவும் 3. பாதி நாள் போன பிறகுதான் புரிந்தது. அச்சிடும் வரி சேர்த்தபோது நெட்வொர்க் ஃபைல் புதிதாக கம்பைல் ஆனது. சேர்க்காதபோது முன்பு கம்பைல் ஆகிக் கிடந்த பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே நிரலோடு இணைந்து (லிங்க் ஆகி), டைம்அவுட் முன்பு இருந்த இடத்தில் இப்போது இருக்கும் ரீட்ரையைப் படித்தது.

மேக் இதில் தப்பு எதுவும் செய்யவில்லை. ஒரு ஃபைல் எவற்றைச் சார்ந்திருக்கிறதோ, அவற்றின் நேரம் அதைவிடப் புதிதா என்று பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. நெட்வொர்க் ஃபைல் அந்த ஹெடரைச் சார்ந்திருக்கிறது என்று நான் மேக்கிடம் சொல்லவே இல்லை. இத்தனைக்கும் மேக் பிறந்ததே இப்படியொரு தொல்லையால்தான்: பிழையைத் திருத்திய பிறகும் அந்த ஃபைல் கம்பைல் ஆகாமல் கிடந்ததால், ஃபெல்ட்மேனின் சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுதை இழந்தார்.

ஹெடர்களைக் கையால் பட்டியலிடாதீர்கள், ஒருநாள் கட்டாயம் விட்டுப்போகும். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டிலும் எம்எம்டி (-MMD), எம்பி (-MP) என்ற ஃபிளாகுகள் (கட்டளையோடு சேர்க்கும் குறிகள்) உண்டு. கம்பைல் ஆகும்போதே எந்த ஃபைல் எந்த ஹெடரை எடுத்தது என்று 'டி' (.d) ஃபைலாக எழுதிவைத்துவிடும். மேக்ஃபைலின் கடைசியில் அவற்றை இன்க்ளூட் செய்தால் போதும். முதல் பில்டில் அவை இருக்காது என்பதால் இன்க்ளூடுக்கு முன்னால் ஒரு ஹைஃபன் போட வேண்டும். அப்புறம், கிளீன் போன்ற பெயர்களை ஃபோனி (.PHONY), அதாவது ஃபைல் அல்ல, வெறும் வேலையின் பெயர் என்று அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் ஒரு ஃபைல் வந்த நாளில் அது ஓடாது.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, முழு பில்ட் ஒன்று முடிந்ததும் ஏதாவது ஒரு ஹெடரை டச் செய்து (உள்ளே எதையும் மாற்றாமல் அதன் நேரத்தை மட்டும் புதிதாக்கி), மேக்கை '-n' ஃபிளாகோடு ஓட்டுங்கள். எதையும் கம்பைல் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். அந்த ஹெடரை எடுக்கும் ஃபைல்கள் அத்தனையும், கடைசியில் லிங்க் வரியும் திரையில் வர வேண்டும்.