சர்வதேச மனிதாபிமானச் சட்டம்: சொல் விளக்கம்

யுத்தத்தில் சண்டையிடுவோர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரையறுக்கும் சட்டம் இது. யார் தொடங்கினார், யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி இதற்குள் வராது. இரு தரப்பையும் ஒரே மாதிரிக் கட்டும்.

பழைய பெயர் 'யுத்தச் சட்டங்கள்'. 1974 முதல் 1977 வரை ஜெனீவாவில் நடந்த மாநாட்டின் பெயரில் இடம்பெற்ற பிறகே இன்றைய பெயர் நிலைத்தது. தமிழில் அதற்கு 'மனிதாபிமானம்' என்ற சொல்லைப் பிடித்தோம். வடமொழியில் அபிமானம் என்றால் செருக்கு. தமிழில் அது பற்று, பரிவு. அந்தப் பரிவில்தான் சிக்கல்: இரங்கிச் செய்யும் உபகாரம் போலக் காதில் விழுகிறது. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், அவசரத்துக்குத் துரை கைமாற்றுக் கொடுப்பது தயவு. சேமலாப நிதிக்குக் கம்பனி 12 சதவீதம் கட்டுவது கடமை. இந்தச் சட்டம் இரண்டாவது வகை.

ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். காயப்பட்ட சிப்பாயிடமிருந்து வாங்கிய துப்பாக்கி அங்கே கிடந்தாலும் பாதுகாப்புப் போகாது. உள்ளிருந்து எதிரியைச் சுட்டால் போகும். அப்போதும் முதலில் எச்சரித்து, நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். பொதுமக்களுக்கு முன்னறிவித்தால் போதும் என்பதும் தவறான எண்ணம். வெளியேற முடியாமல் நின்ற கிழவி அப்போதும் பொதுமக்களில் ஒருவர்தான்.

செஞ்சிலுவை அடையாளமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். டவுன் பாமசிப் பலகையில் சிவப்புச் சிலுவை வரைவது இந்தச் சட்டத்தின் அடிப்படையான நான்கு ஒப்பந்தங்களில் ஒன்றான, 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா சமவாயத்தின் 53ஆம் உறுப்புரைக்கு முரண். கண்ட இடத்திலெல்லாம் பார்த்துப் பழகிய அடையாளத்தை யுத்த களத்தில் யார் மதிப்பார்? முதலுதவிக்குப் பச்சையில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது.

நான்கு ஜெனீவா சமவாயங்களிலும் இலங்கை 1959இல் இணைந்தது. அவற்றை உள்நாட்டுச் சட்டமாக்கியது 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். உள்நாட்டு யுத்தத்துக்கு நான்குக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை பொருந்தும்; ஆயுதக் குழுக்களையும் அது கட்டுப்படுத்தும். 'மனித உரிமைச் சட்டம்' வேறு. அது சமாதான காலத்திலும் நடைமுறையில் இருக்கும்.

நல்ல தமிழ்? 'போர்நெறிச் சட்டம்' என்பேன். அம்பு விடுமுன் பெண்டிரையும் பிணியாளரையும் அரண் சேரச் சொன்ன மன்னனைப் புறநானூற்று 9ஆம் பாட்டு 'அறத்தாறு' சொல்பவன் என்கிறது. ஆறு என்றால் வழி, நெறி. அரச கடிதத்தில் உத்தியோகபூர்வப் பெயரையே எழுதுங்கள். விளக்கிச் சொல்லும் இடத்தில் போர்நெறி போதும்.